பாசிமணி, வளையல், கோலி சோடா: நெல்லைச் சீமையின் கண்ணாடி மரபை எப்படிக் காப்பது?

ஆதிச்சநல்லூர், கொற்கை, சிவகளை என்று ஊர்ப்பெயர் சொன்னதும் நம் ஆட்களுக்கு நினைவுக்கு வருவது முதுமக்கள் தாழி, இரும்பு, முத்து. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் பொன் நெற்றிப்பட்டத்தைச் சேர்த்துக்கொள்வார்கள். கண்ணாடியை யாரும் சொல்ல மாட்டார்கள். அதில் குறை சொல்லவும் முடியாது. குழி வெட்டும்போது கிடைக்கிற கண்ணாடி பெரும்பாலும் மூன்று, நான்கு மில்லிமீட்டர் பாசிமணி. தாழிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். பாசிமணிக்குப் பக்கத்தில் நின்று எடுத்தால் படத்தில் ஆள் மட்டும்தான் இருப்பார்.

இதே சின்ன மணிக்கு வேறு நாடுகளில் கிடைக்கிற மரியாதை வேறு மாதிரி. 2020-இல் இத்தாலியும் பிரான்சும் சேர்ந்து முன்வைத்த கண்ணாடி மணிக் கலையை யுனெஸ்கோ தன் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2022-ஐ ஐ.நா. சபை சர்வதேசக் கண்ணாடி ஆண்டாக அறிவித்தது. 2023 டிசம்பரில் செக், பின்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, ஹங்கேரி, ஸ்பெயின் ஆகிய ஆறு நாடுகளின் கையால் கண்ணாடி செய்யும் தொழில் அதே பட்டியலில் ஏறியது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பட்டியலில் ஏறியது எந்தக் குவளையும் அல்ல, எந்த மாலையும் அல்ல. உலைக்கு முன்னால் நிற்கிற ஆளின் கைப்பழக்கம்தான் ஏறியது.

நம் பக்கம் மரபைக் காப்பது என்று பேச்செடுத்தால் உடனே கட்டடம், கண்ணாடிப் பெட்டி, ஃபோகஸ் லைட் என்று போய்விடுகிறது. அதுவும் வேண்டும்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கண்ணாடிப் பொருளைக் காப்பது ஒரு வேலை, கண்ணாடி செய்த அறிவைக் காப்பது இன்னொரு வேலை. நெல்லைச் சீமையில் முதல் வேலை தொடங்கிவிட்டது. இரண்டாவதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் காணோம்.

மணிக்குள் இருக்கிற குமிழி

சாத்தூர் பக்கம் வைப்பாற்றங்கரையில் இருக்கிறது வெம்பக்கோட்டை. இன்றைக்கு விருதுநகர் மாவட்டம். ஆனால் 1910-இல் ராமநாதபுரம் ஜில்லா பிரிக்கப்படும்வரை சாத்தூர் தாலுகா திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. பேச்சும் உறவும் இன்றைக்கும் இந்தப் பக்கம்தான். 2022-இலிருந்து அங்கே நடந்த அகழாய்வில் பல நிறக் கண்ணாடி மணிகளும் சங்கு வளையல் துண்டுகளும் ஏராளமாகக் கிடைத்தன. ஒரு காலத்தில் தாமிரபரணி முகத்துவாரத்தில் இருந்த கொற்கையிலும் சங்கு வளையல்களோடு கண்ணாடி மணிகள் வந்திருக்கின்றன.

இப்படி ஒரு மணியை எடுத்துப் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால், உள்ளே காற்றுக் குமிழிகள் தெரியும். குமிழி உருண்டையாக இருக்கிறதா, நீண்டிருக்கிறதா, எந்தத் திசையில் நீண்டிருக்கிறது என்பதுதான் விஷயம். துளைக்கு இணையாக, நேர்கோட்டில் நீண்டிருந்தால் அது இழுத்துச் செய்த மணி. துளையைச் சுற்றி வளைந்து போனால், உருகிய கண்ணாடியைக் கம்பியில் சுற்றிச் செய்த மணி. இரண்டும் வேறு வேறு தொழில், வேறு வேறு பட்டறை. உலை இடிந்து, வேலை செய்தவர் மண்ணோடு மண்ணாகிப் போன பிறகும் கை எந்தப் பக்கம் அசைந்தது என்பதை அந்தக் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

தென்னிந்தியாவில் பெருவாரியாகச் செய்யப்பட்டது இழுத்த மணி. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில், 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டிய அதே ஊரில், இந்தத் தொழில் நடந்ததற்கான தடயங்கள் உண்டு. இங்கிருந்து போன மணிகளும், இதே முறையில் பிற ஊர்களில் செய்யப்பட்டவையும் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கிழக்காசியாவரை கிடைக்கின்றன. அதனால்தான் பீட்டர் பிரான்சிஸ் என்ற மணி ஆய்வாளர் இவற்றுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயர் வைத்தார்.

செய்முறை என்ன? திருவிழாக் கடையில் ஜவ்வு மிட்டாய்க்காரர் கழியிலிருந்து இழுத்து வாட்ச் செய்து தருவாரே, உருகிய கண்ணாடியும் சரியான சூட்டில் அப்படித்தான் இழுபடும். நீளமான இரும்புக் குழாய் ஒன்றின் முனையில் உருகிய கண்ணாடியைக் கூம்பு மாதிரி திரட்டுவார்கள். அதன் நடுவே துளை விழும்படி செய்து, உலைக்குள் வைத்துச் சூடு குறையாமல் பார்த்துக்கொண்டு, மறுபக்கம் ஒருவர் நுனியைக் கொக்கியால் பிடித்து இழுக்கத் தொடங்குவார். நடுவில் துளையோடு மெல்லிய கண்ணாடிக் குழல் வந்துகொண்டே இருக்கும். இழுக்கிற வேகம் கூடினால் குழல் மெலியும், குறைந்தால் தடிக்கும். அளவுகோல் எதுவும் கிடையாது, கைதான் கணக்கு. அப்புறம் அந்தக் குழல்களைச் சின்னச் சின்னதாக நறுக்க வேண்டும். நறுக்கிய முனை பிளேடு மாதிரி இருக்கும், கழுத்தில் போட முடியாது. அதனால் துண்டுகளைச் சாம்பலோடு கலந்து மறுபடி சூடுபடுத்துவார்கள். சாம்பல் துளையை அடைத்துக்கொண்டு மூடிவிடாமல் காக்கும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமலும் தடுக்கும். சூட்டில் ஓரம் மழுங்கி மணி உருண்டுவிடும்.

இந்த முறை புத்தகத்தில் மட்டும் இருக்கிற சங்கதி அல்ல. ஆந்திராவில் ஸ்ரீகாளஹஸ்தி பக்கம் பாப்பாநாயுடுபேட்டை என்ற ஊரில் நம் காலம்வரை கைமாறி வந்திருக்கிறது. யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய இத்தாலிய முறைகளில் ஒன்றும் நீளக் குழலை இழுத்து நறுக்கி மணி செய்வதுதான். வெனிஸ்காரர்கள் பக்கத்திலேயே முரானோ தீவில் 1861-இல் கண்ணாடிக்கென்று அருங்காட்சியகம் தொடங்கிவிட்டார்கள். அதைச் சுற்றி உலைகளும் எரிந்துகொண்டிருந்தன. பார்க்க வந்தவர் பெட்டியில் இருப்பதைப் பார்த்துவிட்டு, வெளியே வந்து அதைச் செய்கிறவரையும் பார்க்கலாம். பாப்பாநாயுடுபேட்டைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். ஓர் ஊரில் கண்ணாடி மணி கிடைத்தது என்பதாலேயே அங்கே கண்ணாடி செய்தார்கள் என்று ஆகிவிடாது. மணி வியாபாரத்தில் வந்திருக்கலாம், சீராக வந்திருக்கலாம். செய்தார்கள் என்று சொல்ல வேண்டுமானால் கழிவு கிடைக்க வேண்டும்: வளைந்து வீணாய்ப்போன குழல், ஒட்டிக்கொண்ட மணிகள், உலைச்சுவரில் படிந்த கண்ணாடி, உருக்காத கட்டி. ஒரு பட்டறையின் பிறப்புச் சான்றிதழ் அதன் குப்பையில்தான் இருக்கிறது. நம் அருங்காட்சியகங்களில் முழு மணி வெளிச்சத்தில் இருக்கும், கழிவு சாக்குப்பையில் கிடங்குக்குப் போகும். கண்ணாடி விஷயத்தில் இது தலைகீழான ஏற்பாடு.

மணலும் உவர்மண்ணும்

கண்ணாடிக்கு வேண்டியது மூன்று. மணலில் இருக்கிற சிலிக்கா, அதை இளக்குவதற்கு சோடா, இளகியது நிலைத்திருக்கச் சுண்ணாம்பு. சிலிக்காவைத் தனியாக உருக்க 1,700 டிகிரி செல்சியஸ் வேண்டும். பழைய காலத்து மண் உலையில் அது நடக்காது. சோடா சேர்த்தால் ஆயிரத்துச் சில்லறை டிகிரியிலேயே வேலை ஆகிவிடும். இந்தியாவில் அந்தச் சோடா பெரும்பாலும் நிலத்திலிருந்தே வந்தது. வெயில் காலத்தில் தரையில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிற உவர்மண்தான் அது. நம் ஊர்களில் சோப்பு வருவதற்கு முன்னால் துணி வெளுக்கப் பயன்பட்டதும் இந்த உவர்மண்தான்.

மணலுக்குப் பஞ்சமில்லாத சீமை இது. ஆனால் எல்லா மணலும் கண்ணாடிக்கு ஆகாது. திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரிக்காட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மண் செக்கச்செவேல் என்று இருக்கும். அந்தச் சிவப்பு இரும்பு ஆக்ஸைடு. மணலில் ஆயிரத்தில் ஒரு பங்கு இரும்பு இருந்தாலே கண்ணாடியில் பச்சைச் சாயல் விழுந்துவிடும். தேரி மணலில் நிறமில்லாத கண்ணாடி எடுக்க நினைப்பது வீண் வேலை. பழைய ஆட்கள் நிறமில்லாத கண்ணாடிக்கு ஆசைப்படவும் இல்லை. செம்பைச் சேர்த்து, காற்று குறைந்த நெருப்பில் வைத்தால் செங்கல் சிவப்பு. அதே செம்பு காற்றோட்டமான நெருப்பில் நீலப்பச்சை. கோபால்ட் சேர்த்தால் கருநீலம், மாங்கனீஸ் சேர்த்தால் ஊதா. மணியின் நிறம் என்பது சேர்மானத்தோடு நெருப்பை எப்படி ஆண்டார்கள் என்பதற்கும் கணக்குதான்.

இந்த ரசாயனத்தை இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கண்ணாடிக்கு வருகிற நோய் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

கண்ணாடி அழுமா?

கல் மாதிரி, கண்ணாடிக்கு ஒன்றும் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். கீழே போடாமல் இருந்தால் போதும் என்று. அது சேர்மானத்தைப் பொறுத்தது. சோடா அதிகம், சுண்ணாம்பு குறைவு என்று அமைந்துவிட்ட கண்ணாடி, காற்றில் இருக்கிற ஈரத்தை இழுக்கும். ஈரம் மேற்பரப்பில் இருக்கிற சோடியத்தைக் கரைத்து வெளியே கொண்டுவரும். மேலே பிசுபிசுப்பான ஈரப்படலம் உண்டாகும். பாதுகாப்பாளர்கள் இதை அழும் கண்ணாடி என்பார்கள். அந்த ஈரம் காரத்தன்மை உள்ளது. அப்படியே விட்டால் சிலிக்காவையே அரிக்கும். ஈரம் திடீரென்று வற்றினால் மேற்பரப்பு சுருங்கி, முடி போன்ற விரிசல்கள் வலைபோல ஓடும். ஒருமுறை விரிசல் வந்தால் திரும்ப மூடாது.

நம் நாட்டுப் பழைய மணிகளில் பலவற்றில் அலுமினா கூடுதலாக இருப்பதால் அவை ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன. மண்ணுக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டு கிடந்தும் நிறம் மாறாமல் வருவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் எல்லா மணிக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. சில மணிகளில் மேலே மெல்லிய அடுக்குகள் உருவாகி, எண்ணெய் பட்ட தண்ணீரில் தெரிகிற மாதிரி வானவில் நிறம் காட்டும். பார்க்க அழகாக இருக்கும். உண்மையில் அது கண்ணாடி உரிந்துகொண்டிருப்பதன் அடையாளம். ஈரமண்ணிலிருந்து எடுத்ததும் வெயிலில் காயவைத்தால் அந்த அடுக்குகள் செதில் செதிலாக உதிர்ந்துவிடும். ஈரத்தோடு கிடைத்ததை ஈரத்தோடுதான் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பிரஷ் போட்டுத் தேய்ப்பது, பளபளவென்று ஆக்க அமிலம் தொடுவது, இரண்டும் கூடாது.

காட்சிப்பெட்டிக்குள் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம்வரை இருந்தால் நல்ல நிலையில் உள்ள கண்ணாடிக்குப் போதும். நோய் கண்டதற்கு 40-ஐ ஒட்டி வைத்துக்கொள்வார்கள். எண்ணைவிட முக்கியம், அது ஏறி இறங்காமல் இருப்பது. நம் ஊர்ச் சிக்கல் இங்கேதான். ஆளிருக்கும்போது ஏசி, ஆள் போனதும் ஏசி நிறுத்தம், நடுவில் கரண்ட் கட். தூத்துக்குடிக் கடற்காற்றில் இருக்கிற ஊரில், இரவு முழுக்க ஈரம் ஏறி, காலையில் திடீரென்று இறங்கும். இப்படித் தினம் நடப்பதற்குப் பதில் ஏசியே இல்லாமல், நன்றாக மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் வைத்து, அதை அவ்வப்போது மாற்றிக்கொண்டிருப்பது மேல். செலவும் குறைவு. இன்னொன்று, பெட்டியின் பலகை. ப்ளைவுட்டும் சில மரங்களும் பார்மிக், அசிட்டிக் அமில ஆவியை விடும். அது கண்ணாடியிலிருந்து கசிகிற சோடியத்தோடு சேர்ந்து வெள்ளை உப்பாகப் படியும். நாள்பட்ட மரப்பெட்டியில் மணி மேல் தூசி மாதிரி தெரிகிற எல்லாம் தூசி அல்ல.

வெள்ளத்தையும் சொல்லிவிடுகிறேன், 2023 டிசம்பர் 17, 18-ஐ மறந்துவிட்டு இந்தச் சீமையில் எந்தக் கட்டடத்தைப் பற்றியும் பேச முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்ற இடத்திலேயே நின்றுபோனது. கண்ணாடி அருங்காட்சியகத்துக்கு இப்படி ஒரு வெள்ளம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகில் ஓர் உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்து கார்னிங் ஊரில் 1951-இல் திறந்த அருங்காட்சியகம் அது. 1972 ஜூன் 23 அன்று, அக்னஸ் புயல் மழையில் ஆறு கரையுடைத்து, உள்ளே ஐந்தடிக்கு மேல் தண்ணீர் நின்றது. 13,000 பொருள்களில் 528 சேதமாயின. நூலகத்துக்குத்தான் பெரிய அடி. நனைந்த புத்தகங்களைப் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க உறையவைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உலர்த்தினார்கள். ஆகஸ்ட் 1-இல் மறுபடி திறந்துவிட்டார்கள். பின்னால் 1980-இல் கட்டிய புதிய கட்டடத்தை வெள்ளமட்டத்துக்கு மேலே தூண்களில் தூக்கி நிறுத்தினார்கள்.

இதில் நமக்குப் பாடம் கண்ணாடியைவிடக் காகிதத்தில் இருக்கிறது. சேறு படிந்த மணியைக் கழுவி எடுத்துவிடலாம். அது எந்தக் குழியில், எந்த ஆழத்தில், எதனோடு கிடைத்தது என்று எழுதிய சீட்டு கரைந்துபோனால், அந்த மணிக்கும் ரதவீதிக் கடையில் வாங்கிய பாசிக்கும் வித்தியாசம் சொல்ல ஆள் கிடையாது. திருநெல்வேலிக்குப் பக்கத்து ரெட்டியார்பட்டியில் மலையை ஒட்டிய மேட்டில், அகழாய்வுப் பொருள்களுக்கான பொருநை அருங்காட்சியகத்துக்கு இடம் பிடித்தது அந்த வகையில் நல்ல முடிவு. பதிவேடுகளுக்கும் இன்னொரு ஊரில் ஒரு பிரதி இருக்க வேண்டும்.

சிம்னி விளக்கில் வளைந்த வளையல்

சரி, மண்ணுக்குக் கீழே இருப்பதை விடுவோம். மேலே என்ன இருக்கிறது?

ஆடிப்பூரத்துக்கு நெல்லையப்பர் கோயிலில் காந்திமதி அம்மனுக்கு வளைகாப்பு. கூட்டத்தில் முண்டியடித்துக்கொண்டு போவது அந்தக் கண்ணாடி வளையலுக்காகத்தான். தங்க வளையல் போட்ட கையோடு போய், கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு வருவார்கள். வளையல் இப்போது உத்தரப் பிரதேசத்து பிரோசாபாத்திலிருந்து வருகிறது. பாசிமணியும் புர்தில்நகர், வாரணாசி என்று அந்தப் பக்கத்துச் சரக்குதான், மிச்சம் பிளாஸ்டிக். இங்கே உலை இல்லை. ஆனால் உலையோடு தொழில் முடிந்துவிடுகிறதா என்ன?

வளையல்காரர் கையைப் பார்த்ததும் ‘ரெண்டே நாலு’ என்பார், ‘ரெண்டே ஆறு’ என்பார். இரண்டு அங்குலத்தோடு பதினாறில் நாலு, பதினாறில் ஆறு என்பது கணக்கு. அளந்து பார்ப்பதில்லை. கட்டைவிரல் அடிமூட்டை உள்ளே மடக்கி, கையைக் குவித்து, வளையலை உடையாமல் ஏற்றுவது ஒரு வித்தை. வளைகாப்பு அன்று நிறைமாதக் கை வீங்கியிருக்கும், அதிலும் உடையாமல் ஏற்ற வேண்டும். உடைந்தால் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுருங்கும். தெருத்தெருவாகத் தோளில் சரம் போட்டு வந்த வளையல்காரர் இப்போது குறைந்துவிட்டார். ஃபேன்சி ஸ்டோரில் அட்டைப்பெட்டியில் எண் பார்த்து வாங்குகிறோம், வீட்டில் சோப்பு போட்டு ஏற்றிக்கொள்கிறோம். ஏற்றுகிற அந்தக் கையை யாரும் வீடியோ எடுத்து வைத்ததாகத் தெரியவில்லை.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, உடைந்த பிறகு நடந்தது. வளையல் உடைந்தால் துண்டுகளைச் சேர்த்து வைப்பார்கள். சிறுபிள்ளைகள் கொஞ்சத்தை எடுத்து, மூன்று கண்ணாடிப் பட்டைகளை முக்கோணமாகக் கட்டி, உள்ளே போட்டுக் கலைடாஸ்கோப் செய்வார்கள். மீதியை அக்காமார் எடுத்துக்கொள்வார்கள். சிம்னி விளக்கோ மெழுகுவத்தியோ ஏற்றி, வளைந்த துண்டின் நடுப்பகுதியைச் சுடரில் காட்டினால் அது இளகும். இரண்டு முனையையும் மெல்ல அமுக்கினால் வளையமாக மூடிக்கொள்ளும். மூடுவதற்கு முன்னால் ஏற்கெனவே செய்த வளையத்தை உள்ளே கோத்துவிட வேண்டும். இப்படிச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றி மாற்றிக் கோத்த சங்கிலி, வாசல்நிலையில் தோரணமாகத் தொங்கும். சாமி படத்துக்கும் மாட்டுவார்கள். அவசரப்பட்டுக் குளிர்ந்த தரையில் வைத்தால் ‘டிக்’ என்று உடையும். சூட்டைவிட்டு மெதுவாக ஆறவிட வேண்டும் என்று பிள்ளைகளுக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. நாலு உடைந்ததும் தானே தெரிந்துகொண்டார்கள்.

சுடரில் கண்ணாடியை இளக்கி உருக்கொடுப்பது வெனிஸில் தனிக் கலை. யுனெஸ்கோ பட்டியலில் ஏறியதில் அதுவும் உண்டு. நம் திண்ணையில் பாவாடை சட்டை போட்ட பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில் செய்ததும் அதே தொழிலின் முதல் படிதான். இரண்டும் சமம் என்று நான் சொல்லவில்லை. வெனிஸ்காரரின் மணியில் தங்கத்தகடு பதித்திருக்கும், மலர் பூத்திருக்கும். நம் தோரணத்தில் கரி பிடித்திருக்கும். ஆனால் கண்ணாடி எப்போது இளகும், எப்போது உடையும் என்று விரல்நுனியில் தெரிந்துவைத்திருந்த ஒரு தலைமுறைப் பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள். பாளையங்கோட்டையிலோ அம்பையிலோ தேடினால் கிடைப்பார்கள். இந்தச் சீமையின் உயிருள்ள கண்ணாடி மரபு என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இவர்களைத்தான் காட்டுவேன்.

சோடா பாட்டில், தேவாலய ஜன்னல்

கோலி சோடா பாட்டிலும் கணக்கில் வர வேண்டும். 1872-இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த வடிவம் அது. பாட்டிலின் கழுத்தை நெருக்குவதற்கு முன்பே கோலியை உள்ளே போட்டுவிடுவார்கள். உள்ளே இருக்கிற வாயு கோலியை மேலே தள்ளி ரப்பர் வளையத்தில் அழுத்தும். அதுவே மூடி. இங்கிலாந்தில் மூடி மாறிப் பல காலம் ஆகியும் நம் பெட்டிக்கடைகளில் ஓடியது. பழைய பாட்டிலின் பச்சையும் நீலப்பச்சையும், மேலே சொன்ன இரும்பு செய்த வேலைதான். இந்தப் பாட்டில்களைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுகிறார்கள்.

பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத் தேவாலயம் 1826-இல் கட்டியது. கால்டுவெல் கட்டிய இடையன்குடி தேவாலயம் 1847-இல் தொடங்கி 1880-இல்தான் முடிந்தது. இந்தச் சீமையில் இப்படிப் பழைய தேவாலயங்கள் ஏராளம். வண்ணக் கண்ணாடி ஜன்னல் உள்ள இடங்களில் கவனிக்க வேண்டியது கண்ணாடியை அல்ல, அதைப் பிடித்திருக்கிற ஈயப்பட்டையை. வெயிலில் விரிந்து, இரவில் சுருங்கி, பல ஆண்டுகளில் ஈயம் தளர்ந்து ஜன்னலே வயிறு தள்ளும். பாதுகாப்புக்கென்று வெளியே இன்னொரு கண்ணாடி மாட்டுகிறவர்கள், நடுவில் காற்றுப் போக வழிவிடாமல் சிலிகான் போட்டு அடைத்துவிடக் கூடாது. நடுவில் சூடும் ஈரமும் தங்கினால் பழைய ஜன்னல் இன்னும் சீக்கிரம் கெடும். ஊரில் பழைய வீடுகளின் கதவுக்கு மேலே அரைவட்டத்தில் இருக்கிற சிவப்பு, பச்சைக் கண்ணாடிகளுக்கு அந்தக் கவலையும் இல்லை, வீட்டை இடிக்கும்போது சேர்ந்தே உடைகின்றன.

எதைக் காட்சிக்கு வைப்பது?

2020 மத்திய பட்ஜெட்டில் ஐந்து தொல்லியல் தலங்களை முக்கியமானவை என்று அறிவித்தார்கள், அதில் ஆதிச்சநல்லூர் ஒன்று. 2023 ஆகஸ்டில் அங்கே தாழிகளைக் கிடைத்த குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டுத் திறந்தார்கள். நடந்தபடியே காலுக்குக் கீழே தாழியைப் பார்க்கலாம். 1876-இல் ஜெர்மனிக்காரர் ஜாகர் தோண்டி எடுத்தவை பெர்லினுக்கும், அடுத்து தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ எடுத்தவை சென்னைக்கும் போன ஊரில், எடுத்த இடத்திலேயே காட்டுவது என்பது பெரிய மாற்றம். இந்தவகைக் கண்ணாடித் தளங்களுக்கு எங்கேயும் ஒரு தொல்லை உண்டு. மண்ணின் ஈரம் கண்ணாடியின் அடிப்பக்கம் வியர்வையாகப் படியும், பாசி பிடிக்கும். கீழே காற்றோட்டம் இருந்தால்தான் தப்பும்.

பெட்டிக்குள் வைக்கிற மணிக்கு வருவோம். பல இடங்களில் தனித்தனியாகக் கிடைத்த மணிகளைப் புதுநூலில் கோத்து மாலையாக வைப்பார்கள். பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் அது பொய் மாலை. வேறு வேறு குழி, வேறு வேறு நூற்றாண்டு மணிகள் ஒரே நூலில் ஏறியபின் பிரித்தறிவது கடினம். போதாததற்கு மணி ஒன்றோடொன்று உரசித் தேயும், துளை ஓரம் நூலை அறுக்கும். அமிலமில்லாத அட்டையில் தனித்தனிக் குழி வெட்டி வைப்பதுதான் முறை. ஒளியைப் பின்னாலிருந்து கொடுத்தால் ஒளி ஊடுருவும் மணி தன் நிறத்தைக் காட்டும். எல்.இ.டி.யை வெளியே வைத்தால் பெட்டி சூடாகாது. பக்கத்தில் ஒரு நல்ல லென்ஸ், ஸ்டாண்டில் பொருத்தி. குமிழியைத் தன் கண்ணால் பார்த்த பள்ளிக்கூடப் பிள்ளை அதை மறக்காது.

எனக்கு விட்டால் அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே நான்கு சாமான் வைப்பேன்: உவர்மண் ஒரு தட்டு, தேரிமண் ஒரு தட்டு, பட்டறைக் கழிவு கொஞ்சம், வளையல் தோரணம் ஒன்று. பின்னால் ஒரு திரையில், பாப்பாநாயுடுபேட்டையில் குழல் இழுத்த முறையும், நம் ஊர் ஆச்சி ஒருவர் விளக்கில் வளையல் வளைப்பதும், வளையல்காரர் கையில் ஏற்றுவதும் ஓடட்டும். சாம்பலைக் கிளறுகிறவர் எப்போது நிறுத்துகிறார், எதைப் பார்த்து நிறுத்துகிறார் என்று அவரிடமே கேட்டுப் பதிந்தால்தான் அது ஆவணம். டிரம்ஸ் இசை போட்டு இரண்டு நிமிடத்தில் முடிக்கிற விளம்பரப்படம் இதற்கு உதவாது. கட்டடத்துக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் பதிய வேண்டிய ஆட்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு

பாட்டி காலத்துக் கண்ணாடிச் சாமான் வைத்திருப்பவர்கள் அடிக்கடி செய்கிற தவறு, உடைந்ததும் கடையில் கிடைக்கிற உடனடிப் பசையைப் போடுவது. அது கண்ணாடியில் நாளடைவில் ஈரம் பட்டு விட்டுவிடும், மறுபடி ஒட்டுவதற்கு விளிம்பையும் பாழாக்கும். பாதுகாப்பாளர்கள் பெரும்பாலும் பாரலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசினைப் பயன்படுத்துவார்கள். அசிட்டோனில் கரையும் என்பதால் தப்பாக ஒட்டினால் பிரித்துவிடலாம். அது கிடைக்காவிட்டால் துண்டுகளைத் தனித்தனியாக மெல்லிய காகிதத்தில் சுற்றி, ஒரே டப்பாவில், எப்போது யார் வாங்கியது என்று பென்சிலில் எழுதிய சீட்டோடு வைத்துவிடுங்கள். ஒட்டாமல் வைத்தது என்றைக்கும் ஒட்டிக்கொள்ளலாம். நாளிதழில் சுற்ற வேண்டாம். மேலே பிசுபிசுப்பு தெரிந்தால் மூடிய பிளாஸ்டிக் பையில் போடவும் வேண்டாம்.

மழை பெய்து ஓய்ந்ததும் கொற்கை, ஆதிச்சநல்லூர் பரம்பு, வெம்பக்கோட்டை மேட்டில் பாசிமணி மின்னும். பொறுக்கிப் பையில் போட்டுக்கொள்ளத் தோன்றும். கிடந்த இடத்தைவிட்டு எடுத்ததும் அதன் சரித்திரத்தில் பாதி போய்விடுகிறது. சட்டமும் இருக்கிறது: 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது மண்ணில் கிடைத்தாலும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். எடுக்காமல், பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசை அளவுக்கு வைத்து மொபைலில் படம் எடுத்து, இடத்தைக் குறித்து, தொல்லியல் துறைக்கோ தாசில்தாருக்கோ அனுப்பினால் போதும். உழும்போது கிடைத்து ஏற்கெனவே வீட்டில் வைத்திருப்பவர்களும் எந்த வயல், எந்த மூலை என்று நினைவிருக்கும்போதே எழுதிவைத்துவிட்டு, அதையும் சேர்த்துத் தெரிவித்துவிடுவது நல்லது.